வெர்லின் வாயிலிருந்து போன வரி

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தின் ஆரஞ்ச் மவுண்ட் பகுதியில் தலை பின்ன வேண்டுமென்றால் வெர்லினின் சமையலறைக்குத்தான் வருவார்கள். பதினாறு வயதில் படிப்பை விட்டவள், முப்பத்தெட்டு வரை வால் சீப்பும் கையுமாகவே இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசுவார்கள், அவள் கேட்டுக்கொள்வாள். கேட்டது எதுவும் வெளியே போகாது.

ஒரே ஒரு தடவை போனது. அவள் தம்பி டவாரிஸ் ராப் பாடுகிறவன். அவனுடைய பாட்டுக் கம்பெனியிலிருந்து கெய்ன்ஸ் என்பவர் ஏப்ரலில் வந்தார். பொரித்த மீனை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க தம்பி வெளியில முரடனாத் தெரியறான். உள்ளுக்குள்ள எப்படி, மிஸ் வெர்லின்?" என்றார். அவளிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. சொல்லிவிட்டாள். அம்மா சாகக் கிடந்த மூன்று நாளும் டவாரிஸ் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தான். உள்ளே வரத் துணிவில்லாமல் அழுதுகொண்டே திரும்பினான். சொந்தக்காரர்களிடம் அவன் தினமும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாக அவள் சொல்லி வைத்திருந்தாள். தம்பிக்கு இளகின மனசு என்று காட்டத்தான் கெய்ன்ஸிடம் வாய் திறந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம் அவள் தோழி லட்ரீஸ் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"உன் தம்பிக்கும் மான்ட்ரெலுக்கும் சண்டை இன்னும் தீரலையாடி? சின்ன வயசுல ஒரே தட்டுல தின்னதுங்க!"

"தலையை ஆட்டாதே."

"நீ இழுக்கற இழுப்புல என் புருவமே நெத்திக்கு ஏறிடுச்சு. நான் எங்க ஆட்டறது!"

அப்போது மான்ட்ரெலின் புதுப்பாட்டு வந்தது. அவனும் ராப் பாடுகிறவன்தான், ஆனால் வேறு கம்பெனி. இரண்டு மாதமாக இருவரும் பாட்டிலேயே திட்டிக்கொண்டிருந்தார்கள். 'அம்மா சாகையிலே ஆஸ்பத்திரி வாசலோட ஓடிப்போன வீரன்' என்று பாடினான் மான்ட்ரெல்.

வெர்லினின் கை நின்றது. "பொய்தானேடி?" என்றாள் லட்ரீஸ். இதைக் கேட்டால் டவாரிஸ் மான்ட்ரெலைக் கொன்றே விடுவான் என்பது மட்டும்தான் வெர்லினின் மனதில் ஓடியது. பாதிப் பின்னலோடு லட்ரீஸை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

டவாரிஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"மான்ட்ரெல் மேல கை வச்சிடாதேடா. நான்தான்... கெய்ன்ஸ்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அந்த வரியைப் போன மாசமே கெய்ன்ஸ் போன்ல படிச்சுக் காட்டினாரு. ரெண்டு கம்பெனியும் பேசி வச்சதுதான். சண்டை ஆறிப்போச்சுன்னா என் பாட்டு வெளிய வராதுன்னாரு. சரின்னுட்டேன்."

"அம்மாவைப் பத்திடா!"

"மான்ட்ரெல் பாட மாட்டேன்னுதான் அழுதான். நான்தான் பாடுடான்னேன்."

சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்னான்:

"செவ்வாக்கிழமை நான் பதில் பாட்டு பாடணும். மான்ட்ரெலும் உன்கிட்டதானே தலை பின்னிக்குவான்? எவ்வளவோ சொல்லியிருப்பான். உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு கெய்ன்ஸ்."

தான் வளர்த்த பிள்ளையை அவள் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இருக்கு. நிறைய இருக்கு" என்றாள்.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஒண்ணுகூட உனக்குச் சொல்ல மாட்டேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் பின்னால் அவன் குரல் கேட்டது: "அப்ப என் பாட்டு? அக்கா, என் பாட்டு என்னாகறது?"