கோட்டுப் பையில் இருந்த கடிதம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மானம் போகிற விஷயம். அதோடு, தமிழில் எழுத்துக்கூட்டவே இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

தாராவியில் எங்கள் வீட்டு டிவியில் ஞாயிறு மதியம் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஓடும். நானும், தோல் பட்டறையில் பை தைக்கும் செல்வமும் பார்ப்போம். இரண்டு பேரும் இந்திப் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர்கள். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று மட்டும் அவனிடம் அளந்து வைத்திருந்தேன்.

அன்றைய படத்தில், செத்தவரின் கோட்டுப் பையிலிருந்து துப்பறிவாளர் ஒரு கடிதத்தை எடுத்தார். திரை முழுக்கத் தமிழ் எழுத்து. யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“என்னல எழுதிருக்கு?” என்றான் செல்வம்.

“டாக்டர்தான் கொன்னான்னு போட்டிருக்கு. நீயெல்லாம் பை தைக்கத்தான் லாயக்கு.”

இந்த மாதிரிப் படங்களில் ரொம்பச் சிரிக்கிறவன்தான் கொலைகாரன். அந்தக் கணக்கில் அடித்துவிட்டேன். கடைசியில் டாக்டரே மாட்டினார்.

உடனே செல்வம் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பத்திரத்தோடு வந்தான். ஊரில் இருக்கிற வீட்டுப் பத்திரம், கையால் எழுதியது.

“ஊர்ல அந்த வீட்ட யாரோ விக்கப் பாக்காங்களாம். வீடு யாரு பேர்ல இருக்குன்னு வாசில. அப்பா பேரு இல்லன்னா நாளைக்கே ஊருக்குக் கெளம்பணும்.”

“ஒங்கப்பா பேருதான்” என்பது வாய் வரை வந்துவிட்டது. படத்தில் தவறினால் சிரிப்பு. இதில் தவறினால் அவர்கள் வீடு போய்விடும்.

“எனக்கும் வாசிக்கத் தெரியாதுல” என்றேன். கேலி பேசியே பழகிய வாய்க்கு அந்த மூன்று வார்த்தை கனமாக இருந்தது.

செல்வம் பத்திரத்தை மடித்தான்.

“சரி, சட்டையப் போடு, வாசிக்கத் தெரிஞ்சவன் எவன்னு துப்பறிவோம்.”