சிவப்பு எண்ணெயும் பால்புட்டி நிப்பிளும்

அந்தக் காரை வெளியே எடுக்க வைத்தவள் நான்தான். குவைத்திலிருந்த என் கணவரின் அண்ணா கப்பலில் அனுப்பிய பெரிய கார் அது. கியர் தானாகவே மாறும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும், ஓட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தார். வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

ஒரு திங்கட்கிழமை, எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பு அனலாய்ச் சுட்டது. ஆட்டோ வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை; கணவரிடம் காரை எடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் திருப்பும்போது காரின் முன்பக்கம் ஒரு கல்லில் இடித்தது. பல் முளைக்கிற ஜுரம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீடு வந்து சேர்வதற்குள் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் அண்ணா தம்பானூரில் ரயிலிறங்குகிறார், காரோடு வரவும் என்று தந்தி வந்திருந்தது. கணவர் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடப் போனார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக் கிடைத்தது புதன் காலையில்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். ரேடியேட்டரைக் கழற்றி ஆரியசாலைக் கடைத்தெருவில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார் மெக்கானிக். கியர்பெட்டியின் எண்ணெய் சூடு தணிவதற்காக இரண்டு குழாய்கள் வழியே ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறதாம். அவற்றைக் கழற்றினால் எண்ணெய் கொட்டும். அந்தச் சிவப்பு எண்ணெய் ஊரில் எங்கும் கிடைக்காது. காரோடு அண்ணா அனுப்பியிருந்த டின்னும் காலி.

“கொறஞ்சா வண்டி எடத்த விட்டு அனங்காதுக்கா, பாத்துக்கிடுங்க,” என்றார்.

இரும்புக் குழாய், வளைத்து மேலே தூக்கிக் கட்ட முடியாது. துணியை அடைத்தால் நூல் உள்ளே போகும், மரக்கட்டையை அடித்தால் சிராய் போகும் என்று அவரே ஒவ்வொன்றாகத் தள்ளினார். அப்போதுதான் எனக்குப் பால்புட்டி நிப்பிள் தோன்றியது. உள்ளே ஓடி டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து, ஈரம் போகத் துடைத்துக் கொடுத்தேன். குழாயைக் கழற்றிய கையோடு அதை மாட்டி, அடியில் நூலால் கட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெயை நான் கொடுத்த கண்ணாடி ஜாடியில் வடித்துவைத்தார். ஜாடியையும் மூன்று தடவை துடைத்திருந்தேன். பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும் என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குழந்தைக்குப் பால் கரைக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. அந்த நிப்பிள்கள் கடையில் ஓட்டையில்லாமல்தான் வரும். ஊசியைக் காய்ச்சி நாம்தான் துளை போடவேண்டும். அவசரத்தில் துளை பெரிதாகிவிடுமோ என்று, வாங்கின அன்றே எல்லாவற்றுக்கும் துளை போட்டுவிடுவது என் வழக்கம்.

குழந்தையை அழ விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் தெரு சரிவு. காரின் முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றது. இரண்டு நிப்பிளின் நுனியிலும் சிவப்பாய் ஒரு சொட்டு தொங்கியது. கீழே காலையில் போட்ட கோலத்தில் ஏழெட்டுப் புள்ளிகள். ஒன்றை விரலால் பொத்தினால் மற்றது சொட்டியது. எத்தனை நேரம் அப்படி நின்றிருக்க முடியும்? பூக்கட்ட நனைத்து வைத்திருந்த வாழைநார் ஞாபகம் வந்தது. நுனியைத் திருகி, மடித்து, பிச்சிப்பூவுக்குப் போடுகிற முடிச்சை இரட்டையாய்ப் போட்டு இறுக்கினேன். சொட்டு நின்றது.

நின்றதா? கீழே ஒரு கிண்ணத்தை வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பாதியில் எழுந்துபோய்ப் பார்த்தேன். கிண்ணம் காலி. மத்தியானம்வரை அப்படியே போவதும் வருவதுமாக இருந்தேன். நார் காய்ந்தால் தளருமே என்று தண்ணீர் தெளிக்கப் போய், தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் என்று திரும்பி வந்தேன்.

மூன்று மணிக்கு மெக்கானிக் வந்து முடிச்சுகளைப் பார்த்தார்.

“இது யாரு, சாமிக்கு மால கெட்டுன மாதிரி கெட்டிருக்கது?”

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார், திட்டவில்லை. ரேடியேட்டரை மாட்டி, குழாய்களை முடுக்கி, ஜாடி எண்ணெயைத் திரும்ப ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டு அளவுக் கம்பியை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில், கீழ்க்கோட்டை ஒட்டினாற்போல் நின்றது.

“போரும்க்கா. ஓடும்.”

கணவர் ஆபீஸிலிருந்து வந்து காரைத் தம்பானூருக்கு எடுத்துப் போனார். ஐந்தரை மணிக்குக் கார் திரும்பி வந்தது. அண்ணாவே ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கியவர் முதலில் பார்த்தது கோலத்தைத்தான்.

“ஆயில் ஒழுகித்தா?”

கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். குழந்தையின் பல் ஜுரத்துக்குக் காரை எடுக்கச் சொன்னது நான், நிப்பிளைக் கொடுத்தது நான், துளையை மறந்தது நான். அண்ணா குனிந்து காருக்கடியில் பார்த்தார்.

“பல் வந்துடுத்தா குழந்தைக்கு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

இன்னும் வரவில்லை என்றேன். எல்லோரும் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, கிண்ணத்தைக் காருக்கடியில் மறுபடி வைத்துவிட்டு வந்தேன்.