ஐஸ் மெசினுக்குள் ஒரு குரல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளில் மீன் பெட்டி கட்டி மிதித்தவன், இன்று மயிலிட்டித் துறைமுகத்தடியில் சொந்தமாக ஐஸ் உடைக்கும் மெசின் வைத்திருக்கிறேன். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. என் காதுதான் தூக்கிவிட்டது. கரைக்கு வரும் வள்ளத்தின் எஞ்சின் சத்தத்திலேயே மீன் பாரமா, வெறும் வள்ளமா என்று அறிந்து, மற்ற வியாபாரிகள் எழும்ப முன்னம் விலை பேசி முடித்துவிடுவேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு காது வேறு யாருக்கும் இல்லை.

என் தம்பி கடலில் காணாமற்போனான். வள்ளம் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது, ஆள் வரவில்லை. மாதங்கள் கழிந்தன. உடம்பு கிடைக்காவிட்டாலும் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, கீரிமலைக் கடற்கரையில் காரியத்தை முடிப்போம் என்று குடும்பமாகத் தீர்மானித்தோம்.

அவன் பெண்சாதி என்னிடம்தான் வேலை செய்கிறாள். மீனுக்கு மேல் ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்குவாள். ஒரு காலை, வேலையை விட்டுவிட்டு மெசினடியில் நின்றாள்.

"அத்தான், கேளுங்கோ. அவர் கதைக்கிறார்."

"அது மெசின், பிள்ளை. என்னத்தைக் கதைக்கிறது?"

"'வாறன், வாறன்' எண்டு சொல்லுறார்."

அதுவரை எனக்கு அது வெறும் கரகரப்பு. அவள் சொல்லி வாய் மூடவில்லை, எனக்கும் கேட்டது. வாறன், வாறன். கடலுக்குப் போகிறவன் எங்கள் பக்கத்தில் 'போறன்' என்று சொல்லமாட்டான்; 'வாறன்' என்றுதான் வீட்டுப் படலையைத் திறப்பான். காதைப் பொத்தி எடுத்துப் பார்த்தேன். திரும்பவும் அதே சொல். பெட்டி ஏற்றுகிறவனிடம் சொன்னேன். சொன்ன உடனே அவனுக்கும் அதே சொல் கேட்டது. மெசின் திருத்த வந்த சிங்கள மெக்கானிக் மட்டும், "பெயாரிங் சத்தம், ஐயா" என்று சொல்லிவிட்டு ஸ்பானர் தேடினான். எங்கள் 'வாறன்' அவனுக்குத் தெரியாது; தெரியாத சொல்லைக் காது எங்கே பிடிக்கும்?

"வாறன் எண்டு சொல்லுற மனுசனுக்கு என்னெண்டு எள்ளுத்தண்ணி இறைக்கிறது?" என்றாள் அவள். "நான் கீரிமலைக்கு வரமாட்டன்."

அதன்பிறகு சாப்பாடு இல்லை. மெசின் ஓடும் நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே நின்றாள். ஐஸ் தண்ணீரில் ஊறிக் கால் வெளுத்துவிட்டது. இவளையும் தம்பி கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன்.

படித்தவன் என்றால் புத்தகத்தைப் புரட்டியிருப்பான். நான் என் தலையைப் புரட்டினேன். அவள் சொன்னதால்தானே எனக்குக் கேட்டது? அப்படியானால் நான் வேறு சொல்லைக் கொடுத்தால்? பெட்டி ஏற்றுகிறவன் இறங்குதுறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் காதருகே குனிந்தேன்.

"வடிவாக் கேள் பிள்ளை. 'வாறன்' இல்லை. 'போகவிடு' எண்டெல்லோ சொல்லுறான்."

கண்ணை மூடி நின்றாள். கனநேரம் கழித்துக் கன்னத்தில் நீர் வழிந்தது.

"ஓம் அத்தான். அவரின்ரை குரல்தான். நல்லாக் களைச்சுப்போனார்."

களைப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வென்றுவிட்டேன் என்ற பெருமை எனக்கு. அந்த நேரம் பெட்டி ஏற்றுகிறவன் வெறும் பெட்டிகளோடு உள்ளே வந்தான். பெட்டிகளை இறக்காமலே நின்றான்.

"என்ன அண்ணை, மெசின் இண்டைக்குப் 'போகவிடு' எண்டு சொல்லுது?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? கேக்குதே."

மெசினை நிறுத்தினேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் வாசலில் நின்று ஒட்டுக் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

கீரிமலையில் காரியம் குறையில்லாமல் நடந்தது. அவள் வந்தாள். தர்ப்பை உருவம் எரிந்து, சாம்பல் கடலில் கரையும் வரை அசையாமல் நின்றாள். எல்லோரும் கேணிப் பக்கம் குளிக்கப் போய்விட்டார்கள். அலை கல்லில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் கடலுக்குக் காது கொடுத்தாள். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"சொல்லாதை பிள்ளை," என்றேன். "என்ன கேட்டாலும் எனக்குச் சொல்லாதை."

வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கடலுக்குக் கொடுத்த காதை எடுக்கவில்லை.