ஜெமீலின் டாங்கியில் விழுந்த கோடு

தில்லையடியில் ஜெமீலுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று நஸ்ஹா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மற்றது முற்றத்தில் நிற்கிற சிவப்பு மோட்டார் சைக்கிள். இரண்டில் எதற்குச் செல்லம் கூட என்று பெண்சாதி ஸுல்பிகாவைக் கேட்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு எப்படியும் மூன்றாம் இடம்தான்.

ஜெமீலுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. உப்புக் காற்றுப் பட்டால் பெயின்ட் கெட்டுவிடும் என்று வேலைக்குப் போவது பழைய சைக்கிளில். மோட்டார் சைக்கிள் ஜும்ஆவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் ஸுல்பிகாவின் நல்ல படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அதன் பின் சீற்றில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. "அபாயா செயினுக்குள்ள போயிரும், உசிருக்கு ஆபத்து" என்பார். ஆபத்து அவளுடைய செருப்பால் பெயின்டுக்குத்தான் என்பது அவளுக்கு விளங்காமலில்லை. கிளினிக்குக்கு ஓட்டோவில் போய் வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. யாரோ சாவியால் இழுத்திருக்க வேண்டும். ஜெமீல் திரும்பவும் பள்ளிவாசலுக்குள் போய், இதை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். யாராவது இறந்தால் மௌத்துச் செய்தி சொல்லத்தான் ஒலிபெருக்கி என்று பாங்கு சொல்கிற மோதினார் மறுத்துவிட்டார். இதுவும் கிட்டத்தட்ட அதுதான் என்று ஜெமீல் வாதாடிப் பார்த்திருக்கிறார்.

வைத்தியம் வீட்டிலேயே தொடங்கியது. முதலில் பற்பசை. கோடு மங்கியது, கூடவே சுற்றியிருந்த பளபளப்பும் மங்கியது. பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வாங்கிவந்து நனைத்துத் தேய்த்தார். மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆத்திரத்தில் தேய்த்த தேய்ப்பில் அடியிலிருந்த வெள்ளைப் பூச்சு பல்லைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாரும் எதிர்பாராத ஒரு கேள்வி பிறந்தது.

"நஸ்ஹா, உன்னட்ட செவப்பு கியூடெக்ஸ் இருக்கா?"

நகத்தில் பூசினால் தொழுகைக்குக் கழுவுகிற ஒழு கூடாது என்று அந்தச் சாமானை வீட்டுக்குள்ளேயே எடுக்கக்கூடாதென்று சட்டம் போட்டவர் அவர்தான்.

"ஒழு கூடாதே வாப்பா," என்றாள் மகள்.

"டாங்கி தொழப்போறதில்ல. எடுத்திட்டு வா."

அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த போத்தலை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. பூசி முடித்ததும் நிழலில் நிறம் பொருந்தியது. வெயிலுக்கு எடுத்தால் வெற்றிலை எச்சில் தெறித்ததுபோல இருந்தது.

நஸ்ஹாவுக்கு மதுரங்குளியிலிருந்து சம்பந்தம் பேசிவந்த நாட்களும் இவைதான். முபாரிஸ் ஹாஜியாரின் மகன் ஸஜீத். நல்ல இடம், சீதனமும் கேட்கவில்லை. பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது, இதுவும் தட்டிப்போய்விடக் கூடாதென்று ஸுல்பிகா கடமையல்லாத சுன்னத்து நோன்பெல்லாம் பிடித்து துஆச் செய்தாள். பெண் பார்க்க நாள் குறிக்கத் தரகர் நிஸார் தேத்தண்ணிக் கடையில் ஜெமீலைப் பிடித்தார்.

"எனக்கு இப்ப ஒண்டும் ஓடுதில்ல நிஸார்," என்றார் ஜெமீல். "கோட்டால நித்திர இல்ல. முதல் சின்னதாத்தான் இருந்தது. நானே முடிக்கலாமெண்டு கைவெச்சுப் பெரிசாக்கிட்டன். சிலாபத்துல கெட்டிக்காரன் ஒராள் இருக்கானாம். அவன்ட கைல குடுத்துத்தான் இனி முடிக்கணும்."

எங்கள் பக்கத்தில் நீதிமன்றத்துக்கும் கோடு என்றுதான் பேர். நிஸார் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. விசாரித்துவிட்டுப் பேசுகிற பழக்கம் அவருடைய தொழிலில் இல்லை. ஜெமீலுக்குக் கோட்டில் வழக்காம், சிலாபத்தில் லோயர் பிடிக்கிறாராம் என்று மாலை மஃரிபுக்கு முன்பே மதுரங்குளிக்குச் செய்தி போய்விட்டது. இரவு இஷா முடிய அது காணி வழக்கானது. விடிந்தபோது கள்ள நோட்டு வழக்காகியிருந்தது.

அந்தக் கிழமையே ஹாஜியாரும் மகனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஹாஜியாரின் மனைவி ஜுனைதா பின்னால் பஸ்ஸில் வந்து, நடந்து வந்து சேர்ந்தாள். ஸுல்பிகா அவளை உள்ளே கதிரையில் இருத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் காதைக் கொடுத்தாள்.

"ஜெமீல் நாநா, ஒளிச்சுப் பேசி வேலையில்ல," என்றார் ஹாஜியார். "கோட்டு விசயம் உண்மையா?"

ஜெமீலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் துயரத்தை விசாரிக்க ஒரு மனிதர் மதுரங்குளியிலிருந்து வந்திருக்கிறாரே.

"உண்மதான் ஹாஜியார். செஞ்சவன் யாரெண்டு இன்னும் தெரியா. பள்ளிவாசல்லதான் நடந்தது."

"பள்ளியிலயா?"

"ஓம், ஜும்ஆ நேரம். பாக்கிறீங்களா? வெளியதான் நிக்குது."

முற்றத்தில் விரிப்பு விலகியது. ஹாஜியார் டாங்கியைப் பார்த்தார், ஜெமீலைப் பார்த்தார், "இந்தக் கோடா, அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். திரைக்குப் பின்னால் ஸுல்பிகாவுக்கும் போன உயிர் திரும்பிவந்தது. சம்பந்தம் பிழைத்துவிட்டது. நஸ்ஹாவிடம் தேத்தண்ணியைக் கொண்டுபோகச் சொன்னாள்.

ஆனால் ஹாஜியார் திரும்ப உள்ளே வரவில்லை. குனிந்து, "யார் இதுல வாட்டர் பேப்பர் போட்டது?" என்று கேட்டார். குரலில் உண்மையான வேதனை இருந்தது. ஸஜீத் மண்ணில் முழந்தாளிட்டு, உதட்டைக் குவித்து ஊதி, கைலேஞ்சியால் துடைத்தான். முதலில் நிறம் பூசுவதா, கட் பொலிஷ் போட்டுத் தேய்ப்பதா என்று மூன்று ஆண்களும் டாங்கியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். நஸ்ஹா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளை நிமிரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தங்கச்சி, வெளிச்சம் மறைக்குது," என்றான்.

நஸ்ஹா தள்ளி நின்றாள். தேத்தண்ணி ஆறியது. ஒருவரும் கை நீட்டாததால் தட்டத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"உம்மா, நான் இன்னும் எவ்வளவு தள்ளி நிக்கணும்?"

ஸுல்பிகா தட்டத்தை வாங்கி வைத்தாள். கதிரையிலிருந்த ஜுனைதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கட வீட்டுலயும் இப்பிடித்தான் ராத்தா. இவர் பைக் எடுத்த நாளையிலிருந்து நான் பஸ்ஸுலதான். மகனும் வாப்பாவ உரிச்சு வெச்சிருக்கான். ஆனா சாமான் ஒண்டுல ஒரு கீறல் விழ விடமாட்டான்."

வேறொரு தாய்க்கு அது நற்சான்றாகக் கேட்டிருக்கும்.

வந்தவர்கள் புறப்பட்டபோது ஜெமீலுக்குச் சந்தோசத்தில் தரை தெரியவில்லை. தங்கமான சம்பந்தம், கட் பொலிஷை ஹாஜியாரே கொண்டுவந்து தருவாராம். தகப்பனும் மகனும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். ஸுல்பிகா ஜுனைதாவோடு பஸ் தரிப்பிடம் மட்டும் நடந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் வாய் வந்தது.

"கோவிக்காதீங்க ராத்தா. புள்ளைய நான் தரமாட்டன். இப்பிடி ஒராளோட நான் படுற பாடு போதும்."

ஜுனைதா கோபிக்கவில்லை. ஸுல்பிகாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ட உம்மாவுக்கு, என்னப் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு இந்த வாய் இருந்திருந்தா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.