சின்னக் குன்று, கொல்லன் மகன், என் அப்பா பெயர்

தொண்ணூற்றெட்டில் நான் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சன் நகரில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதியிருந்ததால், அப்பாவின் பெயரே அமெரிக்காவில் என் கடைசிப் பெயர் ஆகிவிட்டது. ஒருமுறை ஈரோட்டிலிருந்து அப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். ஆபரேட்டர் என் கடைசிப் பெயரைக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். சரி, நீங்கள் யார் என்று கேட்டதும் தன் பெயரைச் சொன்னார்.

"இருக்கிறார், இணைக்கிறேன்" என்றாராம் ஆபரேட்டர்.

"நான் அங்க வேலைக்குச் சேர்ந்து எத்தன நாளாச்சு கண்ணு?" என்று அப்பா கேட்டுச் சிரித்தார். பிறகு ஊர் முழுக்க அதைச் சொன்னார்.

எனக்குக் கல்யாணமானதும் அவர் வேறொன்று கேட்டார். "இனி அந்த ஆபரேட்டரம்மாகிட்ட மாப்பிள்ளை வீட்டுப் பேரத்தான் சொல்லோணுமா?" விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பம் மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வக்கீலுக்கு அனுப்ப வேண்டும். மற்ற கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டேன். கடைசிப் பெயர் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஆபீசில் எனக்கு அடுத்த இருக்கையில் ரிகாவிலிருந்து வந்த ஒரு லாட்வியப் பெண் இருந்தாள். அவள் கணவன் ரஷ்யன். அதே கட்டடத்தில் வேலை. எங்கள் சோதனை அறிக்கைகளை எழுதும் லாட்விய, ரஷ்யப் பொறியாளர்களின் பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பட்டியல் போடாவிட்டால் எனக்கு எதுவும் மனதில் தங்காது. அந்த வாரம் மதிய உணவின்போது நோட்டை அவர்கள் முன் வைத்து அர்த்தம் கேட்டேன்.

அவள் பேனாவை வாங்கி ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதினாள். பேர்ஸிஞ்ஷ், சின்ன பிர்ச் மரம். ஒஸொலிஞ்ஷ், சின்ன ஓக் மரம். வானக்ஸ், பருந்து. அவளுடையதற்குச் சின்னக் குன்று என்று பொருள்.

"எங்கள் ஆட்கள் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். விடுதலை வந்தபோதுதான் குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் கண்ணில் பட்ட மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டார்கள்" என்றாள்.

அப்போதுதான் விடுதலையானவர்கள். எவ்வளவு பெரிய பெயரையும் வைத்திருக்கலாம். அவர்கள் கேட்டது சின்ன மரம், சின்னக் குன்று. அந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"கல்யாணத்துக்குப் பிறகு நீ மாற்றவில்லையா?"

"குன்றை விட்டுவிட்டு இவனுடைய பட்டறைக்கா போவேன்?"

அவன் பெயர் குஸ்நெத்சோவ். கொல்லனுடையவன் என்று பொருள். "எங்கள் பெயர்களில் பாதி, யாருடையவன் என்ற கேள்விக்குப் பதில்தான்" என்றான் அவன். "அது போக, ஒவ்வொருவருக்கும் நடுவில் அப்பா பெயர் உண்டு. கல்யாணம் ஆனால் பெண்ணின் குடும்பப் பெயர் மாறலாம். நடுப்பெயர் மாறாது. அப்பா எப்படி மாறுவார்?"

என் கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் கடைசியில் எழுதிவந்தது அவர்கள் நடுவில் எழுதுவதைத்தான்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கணவர் ஃபார்மைப் பார்த்தார்.

"இன்னும் காலியாவா இருக்கு? என் லாஸ்ட் நேமையே போட்டுடும்மா. நாளைக்குக் குழந்த பொறந்தா டேகேர்ல கன்ஃப்யூஷன் வராது."

"உங்க லாஸ்ட் நேம் யாரு பேரு?"

"எங்க அப்பா பேரு."

"அத நான் போட்டுக்கிட்டா நான் யாரு பொண்ணு?"

ஃபார்மைத் தள்ளி வைத்தார். "அடிப்பாவி! அண்ணன் தங்கச்சியாயிடுவோமே!"

"அதான்."

"அப்ப குழந்தைக்கு?"

"உங்க பேரு. ஊர்ல அதானே வழக்கம்?"

"மூணு பேருக்கு மூணு லாஸ்ட் நேமா? மெயில்பாக்ஸ்ல இடம் பத்தாது."

"பெரிய ஸ்டிக்கரா ஒட்டிக்கலாம்."

அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை; வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். மறுநாள் காலை கேட்டோம். சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்றார் வக்கீல். அவர் அறையிலேயே பேனா வாங்கி அப்பா பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னேன். "ஆபீசுக்குக் கூப்பிட்டா பழைய பேரையே சொல்லுங்கப்பா."

"மாப்பிள்ளை ஒண்ணும் நெனச்சுக்கலியே?"

"இல்லீங்கப்பா."



"அப்ப என்ர வேலை போகல" என்றார்.