தெலீனாவுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

மாயக்கதை நாவல்களைச் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று சொல்லுகிறவர்களோடு நான் இப்போதெல்லாம் சண்டைக்குப் போவதில்லை. முன்பு போவேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வங்கியில் உத்தியோகம் பார்க்கிற ஒருத்தி, திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது டிராகன் படம் போட்ட தலையணை மொத்தப் புத்தகத்தை விரித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். "பிள்ளைக்கு வாங்குனியளா?" என்று கேட்பார்கள். "இல்ல, எனக்குத்தான்" என்பேன். அதற்கப்புறம் அவர்கள் பேச மாட்டார்கள். நிம்மதியாகப் படிக்கலாம்.

குறையே இல்லாத புத்தகங்கள் என்று சொல்லவில்லை. மூன்றாம் பாகம் எப்போதும் சவ்வாக இழுக்கும். கதாநாயகிக்குப் பின்னால் எந்நேரமும் இரண்டு பையன்கள் சுற்றுவார்கள். இரண்டு பேருக்குமே முடி நெற்றியில்தான் விழும். பல நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ சொல்லிவைத்த ஆரூடம் ஒன்று கிடக்கும். விவரம் தெரிந்த பெரியவர்கள் எல்லோரும் பதினைந்து வயதுப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கஷாயம் குடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், ஒரு பிள்ளையின் பயத்தை "சும்மா கிட" என்று அதட்டாமல் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்கிற புத்தகம் வேறு எங்கே இருக்கிறது? பெரியவர்களுக்கான நாவல்களில் பயந்தவர்கள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி. மாயக்கதையில் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு, சில சமயம் வாலும் உண்டு. எழுந்துபோய் அதன் எதிரே நிற்கலாம்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தது என் சித்தி.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தபோது, பீரோ, கட்டில், பாத்திரங்களோடு ஓர் அட்டைப்பெட்டியும் வந்து இறங்கியது. உள்ளே முழுக்க ஆங்கில மாயக்கதைகள். சித்தி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பகலில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து கல்லோடு பேசுகிற பெண்ணின் கதையைப் படிப்பாள். எங்கள் வீடோ கிறிஸ்தவ வேதக்கார வீடு. மந்திரம், சூனியம் என்று வாயைத் திறந்தாலே அம்மா விளக்கமாற்றைத் தேடுவாள். அதனால் சித்தி எல்லாப் புத்தகங்களுக்கும் பழைய வேதவசனக் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிட்டாள். டிராகன் உள்ளே, வசனம் வெளியே. "ஒன் சித்தியப் பாருட்டி, எந்நேரமும் வேத வெளக்கம் படிக்கா. நீயும் இருக்கியே" என்று அம்மா என்னைத் திட்டினாள். சரி என்று நானும் மாடிக்குப் போய் அதே வேத விளக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பாதி வார்த்தை புரியாது. புரியாததைச் சித்தி சொல்லித் தருவாள் என்று நினைத்தால், "தெரியாட்டா தாண்டிப் போ, கதை ஒன்ன விட்டுட்டுப் போயிராது" என்பாள். அப்படித் தாண்டித் தாண்டித்தான் தெலீனாவின் கதையில் நாலு பாகம் முடித்தேன். தெலீனா ஒரு ராஜ்யத்தின் கடைசி வாரிசு. தாய் தகப்பன் கிடையாது. கல்லைத் தொட்டால் அது பார்த்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லும். நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் சொந்த மாமனே விஷம் தோய்த்த கத்தியால் அவள் தோளில் குத்தி, ஏரிக்கு அடியில் இருக்கிற கல்கோபுரத்தில் அடைத்துவிடுகிறான். பேச்சு நின்றுபோகிறது. கோபுரத்துக்கு ஜன்னலும் இல்லை. அத்தோடு முற்றும். ஐந்தாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வர நாளாகும் என்று சித்தி சொன்னாள்.

"பொழச்சிருவால்லா சித்தி?"

"எனக்கென்னமோ செத்துருவான்னுதான் தோணுது. இத எழுதுத அம்மாவுக்கு ஈவு இரக்கமே கெடையாது. ரெண்டாம் பாகத்துல அந்தக் குதிரையக் கொன்னாளே, மறந்துட்டியா?"

மறப்பேனா? குதிரைக்காக ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவள் நான். இப்போது தெலீனாவே போய்விடுவாள் என்றால் எப்படி? பள்ளிக்கூடத்தில் கணக்கு ஓடவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் ஏரித் தண்ணீர் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்தாம் பாகத்தை இன்னும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? எழுதி முடித்துவிட்டால் ஆண்டவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முடிக்காதவரைக்கும் எழுதுகிற அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்ப முடியுமல்லவா? இன்றுவரை இதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். எங்கள் தெருவில் லெந்து வந்தால் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். சபை குருவானவரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்போம், அவர்கள்தான் நடத்துவார்கள். பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிந்தபின் ஜெப விண்ணப்பம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மாமியாருக்கு மூட்டுவலி என்று போய்க்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருத்தி, "நம்ம டீச்சருக்குக் கர்ப்பத்தின் கனி" என்று சொல்லிவிடுவாள். அது என் சித்தி. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லை. சித்தி ஒருநாளும் தன் வாயால் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரும் சத்தமாக அவளுக்காகக் கேட்பார்கள். சித்தி தலையைக் குனிந்து பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். சித்தி ரொம்பப் பக்தியாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக் கூட்டத்தன்று நான் கையைத் தூக்கினேன்.

"தெலீனான்னு ஒரு பிள்ளை. தோள்ல காயம், வெசம் ஏறிட்டு. பேச்சு வரல. அவளுக்காக ஜெபம் பண்ணணும்."

எப்சிபா, கெத்சியாள் என்று பெயர் வைக்கிற எங்கள் சபையில் தெலீனா என்ற பெயர் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "ஒன் சேக்காளியாட்டி?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். சிநேகிதிதானே, பொய்யே இல்லை.

"தாய் தகப்பன் இல்லியா?" என்றார்கள் ஐயரம்மா.

"இல்ல. மாமன்தான். அவந்தான் குத்துனதே. இப்ப பூட்டிப் போட்டிருக்கான்."

பாயில் இருந்த அத்தனை பேரும் நெஞ்சில் கையை வைத்தார்கள். "சொந்த மாமனா? கடைசிக் காலம்!" என்றாள் ஒருத்தி. "சொத்துக்காகத்தான் இருக்கும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. ராஜ்யம் என்பது சொத்துதானே. அதற்கும் ஆமாம் என்றேன். மாடிப்படிப் பக்கம் உட்கார்ந்திருந்த சித்தியின் முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு அவர்கள் ஜெபித்த ஜெபம் இருக்கிறதே! அப்படிப்பட்ட வாசகர்கள் எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். மூட்டுவலிக்காரி தன் மூட்டை மறந்து முழங்காலில் நின்றாள். அடுத்தநாள் அடுத்த வீட்டில் தெலீனா, அதற்கடுத்த நாள் அதற்கடுத்த வீட்டில் தெலீனா. உபவாசம் இருக்க இரண்டு பேர் முன்வந்தார்கள். சீனி வாங்கப்போனால் மளிகைக்கடை அண்ணாச்சி, "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு? பேச்சு வந்துட்டா?" என்று கேட்டார். இன்னும் வரலை என்றேன். த்சொ என்று சொல்லி கையில் ஒரு மிட்டாயைத் தந்தார். (ஐந்தாம் பாகம் வந்தபோது தெலீனா பிழைத்துக்கொண்டாள். விமர்சனம் எழுதினவர்கள் அந்த முடிவு நம்பும்படியாக இல்லை என்றார்கள். அவர்களுக்குப் பாளையங்கோட்டையைப் பற்றி என்ன தெரியும்?)

ஆனால் எங்கள் தெருப் பெண்கள் ஜெபத்தோடு நிற்கிறவர்கள் இல்லை. இந்த இடத்தில்தான் அவர்கள் மாயக்கதையில் வரும் பெரியவர்களைவிட ஒருபடி மேலே போனார்கள். போலீஸ் ஏட்டையா வீட்டில் கூட்டம் நடந்த அன்று ஐயரம்மா வேதத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு பச்சப்பிள்ளையப் பூட்டி வச்சிருக்கான், நாம இங்கன பாட்டுப் படிச்சிட்டு இருக்கோம். இது ஆண்டவருக்கு அடுக்காது. எந்தத் தெருன்னு சொல்லு, நாளைக்கே போவோம்."

"நான் எங்க வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுதேன். ஸ்டேசன்ல இருந்து ரெண்டு பேரக் கூட்டிட்டே போவோம். கதவத் தொறக்கானா இல்லியான்னு பாத்துருவோம்" என்றாள் ஏட்டையா சம்சாரம். எதிர்வீட்டு அக்கா, பிள்ளைக்கு மாற்றிக் கட்ட ஒரு பாவாடை எடுத்து வருவதாகச் சொன்னாள்.

ஏரிக்கு அடியில் இருக்கிற கோபுரத்துக்கு ஏட்டையாவை எப்படிக் கூட்டிப் போவது? கதை வெளியே வந்தால் என் முதுகுத்தோல் உரிவது இருக்கட்டும், மாடியில் இருக்கிற அட்டைப்பெட்டி முழுவதும் அம்மாவின் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். சித்தியின் மானமும் கூடவே போகும்.

"அந்தப் பிள்ளை இந்த ஊர்ல இல்ல ஐயரம்மா."

சித்திதான். எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தில் சித்தியின் குரலைக் கேட்டதே யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"கடல் தாண்டி, ரொம்பத் தூரத்துல இருக்கா. நம்ம போலீசு அங்க போக முடியாது. எனக்கும் அவளத் தெரியும், நல்லாவே தெரியும். ஜெபம்தான் பண்ண முடியும். இன்னைக்கு நான் பண்ணுதேன்."

ஐயரம்மா கையைக் கூப்பினார்கள். "பண்ணும்மா" என்று மட்டும் சொன்னார்கள். சித்தி கண்ணை மூடினாள். முந்தானையைத் தலையில் போட மறந்துவிட்டாள்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளை அடஞ்சு கெடக்கா. கதவுக்கு வெளிய எல்லாரும் கூடி நிக்காங்க. நல்லவங்கதான். அவளப் பத்தித்தான் பேசுதாங்க, அவளுக்காகத்தான் அழுதாங்க. ஆனா ஒருத்தரும் அவகிட்டப் பேசல. ஒனக்கு என்னட்டி வேணும்னு ஒருத்தரும் கேக்கல. அவளுக்கு வாய் இருக்கு, அதுவே மறந்துபோச்சு. நீர் அவளுக்கு ஒண்ணும் குடுக்காட்டாலும் பரவால்ல. கதவ மட்டும் தொறந்து விடும். அவ வெளிய வந்து சும்மா நாலு பேரப் போல நடந்து போகட்டும்."

அதற்குமேல் சித்தியால் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். எல்லோரும் அழுதார்கள், ஏட்டையா சம்சாரம் மூக்கைச் சிந்தினாள். நானும் தெலீனாவை நினைத்து அழுதேன். ஐயரம்மா ஆமென் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அன்றைக்கு ஒருத்தரும் கர்ப்பத்தின் கனி கேட்கவில்லை, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா மற்றவர்களோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நானும் சித்தியும் பின்னால் வந்தோம். என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனசு முழுவதும் வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது.

"சித்தி, ஜெபத்துல தப்பாச் சொல்லிட்டீங்க. கோபுரத்துக்கு வெளிய யாருமே கெடையாது. வெறும் தண்ணியும் மீனும்தான். ஆளுக கூடி நிக்க மாதிரி புஸ்தகத்துல எங்கயுமே இல்ல."

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரித்தாளா என்பது தெருவிளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. "இல்லியா? நான் வேகமாப் படிச்சிருப்பேன்ட்டி" என்றாள்.

எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. குதிரையின் பெயர், ஆரூடத்தின் வரிகள், மூன்றாம் பாகத்தில் ஒரே ஒரு தடவை வந்துபோகிற சமையல்காரன் வரைக்கும் ஒன்றையும் மறக்காத சித்தி, இவ்வளவு பெரிய இடத்தை எப்படிக் கோட்டை விட்டாள்? மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலாம் பாகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு கோழி இறகை அடையாளம் வைத்து அவள் கையில் கொடுத்து, "இத மட்டும் பைய இன்னொருக்க படிங்க சித்தி" என்று சொன்னேன்.