மூன்றாவது றெக்கை

வீட்டில் அவளுக்கு வெடி என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் தேன்குரல். இரண்டும் ஒரே தொண்டைதான்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில், புகார் சொல்ல ஃபோன் செய்பவர்களிடம் பேசுவது அவள் வேலை. "மெஷினாம்மா இது? ஓட்டை வாளிகூட இதைவிட ஒழுங்கா தண்ணி புடிக்கும்!" என்று ஒருவர் கத்துவார். "சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுவிட்டது" என்பாள் இவள், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. யாரோ செய்த மெஷின், யாரோ கவனிக்காத பழுது. மன்னிப்பு மட்டும் இவள் கேட்க வேண்டும். பகலெல்லாம் விழுங்கிய கோபத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வருவாள். அங்கே அதற்குக் குறைவில்லாமல் வேலை இருந்தது.

கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனவள் அவள். அப்பா வீட்டில் முன் அறைகள் அண்ணனுக்கு, பின் அறைகள் தம்பிக்கு, நடுக்கூடம் இருவருக்கும் பொது. பொது என்றால் பல்பு எரியாவிட்டால் இருவரும் செல்ஃபோன் வெளிச்சத்தில் கடந்து போவார்கள் என்று அர்த்தம். அந்தக் கூடத்தில்தான் அப்பாவின் கட்டில். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். பிடித்து உட்காரவைத்தால் உட்காருவார், தானாக எழுந்து போக முடியாது. கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன்.

அந்த ஃபேனைத் துடைப்பதிலும் பாகப்பிரிவினை நடந்திருந்தது. அண்ணன் ஸ்டூலில் ஏறினால் ஒரு றெக்கையைக் கண்ணாடி மாதிரி துடைப்பான், இறங்கிவிடுவான். தம்பி ஏறினால் அடுத்த றெக்கை. மூன்றாவதை யார் துடைப்பது என்ற பேச்சு வந்தபோது, "அது அக்கா பங்கு" என்று தம்பி சொன்னான். அண்ணன் சிரித்தான். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அன்றிலிருந்து அந்த றெக்கை அழுக்கைத் தின்று கொழுத்தது.

அன்று அவள் டிஃபன் டப்பாவோடு உள்ளே நுழைந்தபோது அப்பா கட்டிலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தால் தரைதான்.

"ஏம்பா இப்படி ஓரமா கெடக்கீங்க? விழுந்து வெச்சா என்னாகும்?"

"நடுவுல வேணாம்மா."

"ஏன்?"

அவர் கண்ணை மட்டும் மேலே உயர்த்தினார்.

ஃபேன் சுற்றவில்லை, ஆடியது. ராடு ஒரு வட்டம் போட, றெக்கைகள் இன்னொரு வட்டம் போட, டொக்கு டொக்கென்று கூரையில் யாரோ கதவு தட்டுகிற சத்தம். மேலே கொக்கியை மூடியிருக்க வேண்டிய கப்பு, ராடில் பாதிவரை நழுவி இறங்கியிருந்தது. இரண்டு றெக்கை வெள்ளை, ஒன்று கரிச்சட்டி அடி.

பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தாள். கட்டிலை அப்பாவோடு சேர்த்துத் தரதரவென்று சுவர்ப்பக்கம் இழுத்தாள்.

"எத்தனை நாளாப்பா இப்படி ஆடுது? சொல்ல வேண்டியதுதானே?"

"பெரியவன்கிட்ட சொன்னேன். சின்னவன்கிட்ட சொல்லுங்கன்னான். சின்னவன்கிட்ட சொன்னேன். பெரியவன்கிட்ட சொல்லுங்கன்னான்." அப்பா மூச்சு விட்டார். "பயமா இருந்தா ஆஃப் பண்ணிக்கங்கன்னான் ஒருத்தன். சுவிட்சு கதவுகிட்ட இருக்கு. அப்புறம் ஓரமா படுத்துக்கிட்டேன்."

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. 'எழுந்து நிற்க முடியாத மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது?'

"டேய்! அண்ணே! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

முன் கதவு திறந்தது, பின் கதவு திறந்தது. அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பேசுகிறவன். "என்னம்மா... இவ்ளோ... சத்தம்?"

"ஃபேன் ஆடுறது கண்ணுல படலையா உனக்கு?"

"பாக்கலாம்... பாக்கலாம்."

"'பா...க்...கலாம், பா...க்...கலாம்.'" அவள் அவன் மோவாயை ஆட்டுகிற விதத்தோடு சேர்த்துப் பேசிக்காட்டினாள். "எப்ப பாப்ப? அது அப்பா நெஞ்சு மேல இறங்கி உக்காந்த பெறகா?"

தம்பி மூக்கால் பேசுகிறவன். "என் றெக்கை சுத்தமாத்தான் இருக்கு. போன வாரம்தான் தொடச்சேன். ஆடுறது உன் றெக்கையாலக்கா."

"என் றெக்கையா? நான் என்னடா கொக்கா, மைனாவா? ஒரு பக்கம் மட்டும் அழுக்கேறினா கனம் கூடும், ஆடும். ஸ்டூல்ல ஏறினவனுக்கு இன்னும் ஒரு துடைப்பு துடைச்சா கை உளுத்தா போயிடும்?"

"அதெப்படி, நான் தொடச்சா அப்புறம் எப்பவும் நான்தான் தொடைக்கணும்னு ஆயிடும்ல?" என்றான் தம்பி. அண்ணன் அதை ஆமோதித்துத் தலையாட்டினான்.

அவள் மெயினை இறக்கிவிட்டு வந்தாள். மேஜையை இழுத்துப்போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு ஏறினாள். ராடைக் கொக்கியோடு பிணைத்திருந்த போல்ட்டில் நட்டு கழன்று கழன்று நுனிக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு சுற்று, இரண்டு சுற்று. நட்டு கழன்றாலும் போல்ட் உருவிக்கொள்ளாமல் இருக்க, அதன் நுனித் துளையில் ஒரு பின் மாட்டி அதன் காலை மடக்கியிருப்பார்கள். துளை காலியாக இருந்தது.

"பின் எங்கடா?"

கீழே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பின் எங்கன்னு கேட்டேன்!"

"ஃபேன் வாங்கின அன்னிக்கு நான்தான் மேல ஏறி மாட்டினேன்," என்றான் தம்பி, குரல் மூக்குக்குள் போய்விட்டது. "இவரு கீழ ஃபேனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, 'சீக்கிரம்டா, சீக்கிரம்டா'ன்னு உயிரை எடுத்தாரு. சண்டையாச்சு. நட்டை முடுக்கிட்டு இறங்கிட்டேன். பின்னை இவரு போட்டிருப்பாருன்னு..."

"நான்... நீ போட்டுட்டுத்தான்... இறங்குனேன்னு..."

ஃபேன் மாட்டிய நாளிலிருந்து அப்பா அதன் கீழேதான் படுத்திருந்தார்.

"சரி விடும்மா," என்றான் அண்ணன். "ஒண்ணும்தான்... ஆகலையே."

அவள் மேஜையிலிருந்து இறங்கினாள். அவள் கத்தவில்லை. இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள், ஏனென்றால் அவள் வாயிலிருந்து வந்தது தேன்குரல்.

"சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். தங்கள் பதில் பதிவு செய்யப்பட்டுவிட்டது. ஒன்றும் ஆகாது என்பதால், தாங்கள் இருவரும் கட்டிலில் படுத்துக்கொள்ளவும். மின்விசிறி முழு வேகத்தில் இயக்கப்படும்."

"அக்கா, விளையாடாத."

"கட்டிலை இழுடா!"

அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். மேஜையை ஒதுக்கிவிட்டு, கட்டிலை அவளே பழைய இடத்துக்குத் தள்ளினாள். மெயினைப் போட்டுவிட்டு சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் ஃபேனைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான்.

"டேய், ஸ்பேனர் உங்கிட்டதானே இருக்கு?" ஒரே மூச்சில், நடுவில் ஒரு தூக்கமும் இல்லாமல் கேட்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பார்த்திராத காட்சி நடந்தது. தம்பி ஓடினான். அண்ணன் ஹார்டுவேர் கடைக்கு வெறுங்காலோடு ஓடி இரும்புப் பின் வாங்கி வந்தான். மெயினை மறுபடி இறக்கினார்கள். ஒருவன் ஃபேனைத் தாங்க, ஒருவன் முடுக்கினான். பின்னை மாட்டிக் காலை மடக்கினார்கள். "நல்லா மடக்குடா!" "மடக்கிட்டேன், நீ பாரு!" இருவரும் மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். மூன்று றெக்கையையும் துடைத்தார்கள். கரிச்சட்டியைத் துடைத்த துணியைக் கண்டு அண்ணன் முகம் சுளித்தான்.

"முடிஞ்சுது, போதுமா?" என்று தம்பி கை உதறினான்.

"படுங்க."

"அதான் சரி பண்ணிட்டோம்ல?"

"சரி பண்ணினவங்களுக்கு என்ன பயம்? படுங்கன்னேன்!"

படுத்தார்கள். அப்பாவின் ஒற்றைக் கட்டிலில் இரண்டு தடித்த உடம்புகள், தோள் தோளை இடிக்க, மல்லாக்க. அவள் ஃபேனைப் போட்டாள். அது சத்தமில்லாமல் சுற்றியது. இருந்தும் இருவர் கண்ணும் ஒரே புள்ளியில் ஆணி அடித்ததுபோல் நின்றன.

"காத்து நல்லா வருதுல்ல," என்றான் அண்ணன், பேச்சை மாற்ற.

"பேசாத. நட்டைப் பாரு," என்றான் தம்பி.

தம்பியின் கை மெதுவாக நகர்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பா பிடித்திருந்த அதே இடம். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"போதும்க்கா, எந்திரிக்கட்டுமா?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா மகன்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ரெகுலேட்டரைக் கண்ணால் காட்டினார்.

"இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டும்மா."